கப்பலோட்டியவர் எழுதிய கடிதம்

(வட்டவளையில் நடைபெற்ற வ. உ. சிதம்பரனார் நினைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



வ. உ. சி. அவர்களைப் பற்றிப் பேச எழுவோர், கப்பலைக் காட்டுவர், செக்கைக் காட்டுவர், அத்தோடு அமர்ந்துவிடுவர். சிறைக்கதவு திறந்தபின் அந்தப் பெருமகன் எங்கே போனார், எதை உண்டார், பிள்ளைகளை எப்படி வளர்த்தார் என்பதைக் கேட்பாரும் சிலர், சொல்வாரும் சிலர். நான் இன்று கப்பலையும் செக்கையும் விரைந்து கடந்து, அவற்றின் பின்னே வந்த ஒரு கடிதத்திடம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பணம் குறித்து எழுதப்பட்ட கடிதம் அது.

1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. நமக்கு அந்தக் கடல்வழி புதியதன்று. தட்டப்பாறை முகாமிலே தடுக்கி நின்று, தூத்துக்குடியிலே கப்பலேறி, கொழும்பிலே இறங்கி, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இக்கூட்டத்திலும் இருக்கிறார்கள். வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டதும், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திற்குத் தோள் கொடுத்ததும் அரசின் சினத்தைக் கிளறின. அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் அடைபட்டுக் கிடந்து, 1912 டிசம்பர் 24இல் அவர் வெளியே வந்தார்.

வந்தவரை வரவேற்க மாலைகள் குவியவில்லை. கம்பெனி கலைந்துவிட்டது. வழக்கறிஞர் சன்னது பறிபோய்விட்டது. ஊரிலே சொத்துமில்லை, தொழிலுமில்லை. நாற்பது வயதிலேயே அரசியலிலிருந்து வலிந்து ஓய்வு கொடுக்கப்பட்ட மனிதர் அவர். சென்னைக்குக் குடிபெயர்ந்து, கடை வைத்தும் பார்த்தார். அவரையும் அவர் குடும்பத்தையும் அந்நாளில் தாங்கிய கைகள் யாருடையவை தெரியுமா? கடல் கடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்காத் தமிழர்களின் கைகள்! 1860 நவம்பர் 16ஆம் நாள் துரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது முதல், ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களும், அவர்கள் வழியே வளர்ந்த வணிகரும் எழுத்தரும் அடங்கிய சமூகம் அது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆளுக்கு 3 பவுன் வரி கட்டு என்று வதைக்கப்பட்ட சமூகம். தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இரத்த உறவு என்று சொன்னால் மிகையாகாது.

அந்த மக்கள் வ. உ. சி. யின் குடும்பத்துக்கென்று ஒரு தொகை திரட்டிக் காந்தியாரிடம் கொடுத்திருந்தனர். அவர் 1915 ஜனவரியில் இந்தியா திரும்பினார். ஏப்ரல் 17இல் சென்னைக்கு வந்து, தம்பு செட்டித் தெருவில் ஜி. ஏ. நடேசன் இல்லத்திலே தங்கினார். அவரைக் காண விரும்பி வ. உ. சி. எழுதினார். விடியற்காலை 6 மணிக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. தம் பகுதியிலிருந்து டிராம் வண்டி புறப்படுவதே ஐந்தரை மணிக்குப் பிறகு, ஆகவே 6 மணிக்குள் வந்து சேர முடியாமற் போகலாம் என்று மறுமொழி எழுதினார் வ. உ. சி. இரண்டு கப்பல்களுக்கு அதிபராயிருந்தவர், டிராம் வண்டியின் முதல் நடைக்குக் காத்திருக்கிறார்! ஏழ்மையைப் பற்றி ஒரு சொல்லும் அதிலே இல்லை; நேரம் மட்டுமே இருக்கிறது.

அதன்பின் பணத்தின் பேச்சு எழுந்தது. உங்களுக்கென அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று காந்தியார் கேட்டார். வரவில்லை என்றார் வ. உ. சி. இன்றுள்ள நிலையில் அதை வேண்டாமென்று சொன்னால் தமக்கும் தம் குடும்பத்துக்கும் தீங்கிழைத்தவராவேன் என்ற கருத்துப்பட எழுதினார். தென்னாப்பிரிக்க நண்பர்களின் உதவியாலேயே தம் குடும்பம் வாழ்ந்து வருவதையும் மறைக்கவில்லை.

நண்பர்களே, இக்கடிதத்தைக் கெஞ்சல் என்று நினைப்பவர் அதைச் சரியாகப் படிக்காதவர். யாரோ ஒருவரிடம் உதவி செய்யுங்கள் என்று அவர் கையேந்தவில்லை. என் பெயருக்கு வந்தது எங்கே என்று கேட்டார். அதிலே தயக்கமில்லை, தாழ்ச்சியுமில்லை, சீற்றமுமில்லை.

பின் ஏன் மாதங்கள் கடந்தன? எவரெவர் எவ்வளவு கொடுத்தனர் என்ற விவரம் காந்தியாரின் கையில் இல்லை. அதைக் கேட்டு நேட்டாலுக்கு எழுத வேண்டியதாயிற்று. கடிதம் கடல் தாண்டிப் போகவும் திரும்பவும் காலம் பிடித்தது. நடுவிலே காந்தியார் தமிழிலும் தம் கைப்பட எழுதிப் பார்த்தார். தமிழிலே எழுதியது மகிழ்ச்சிதான்; அடுப்பெரிய அது உதவாதல்லவா! முடிவில் 1916ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. சேர்ந்த செய்தியை வ. உ. சி. தம் நண்பருக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. காந்தியார் அப்பணத்தை விழுங்கிவிட்டார் என்று மேடையிலே முழங்குவோர் இன்றும் உண்டு. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இருவர் கடிதங்களையும் தேடியெடுத்து வெளியிட்ட பிறகும் அப்படிப் பேசுவது நேர்மையன்று. பணம் களவு போகவில்லை. பெயர்ப்பட்டியல்தான் கைவசம் இல்லாமற் போயிற்று. ஆனால் பசித்திருந்த வீட்டுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

அமெரிக்காவிலும் இப்படியொரு கடிதம் உண்டு. இரு முறை குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் ஜெபர்சன், ஓய்வுக் காலத்திலே கடனில் மூழ்கினார். கடன் ஓரிலட்சம் டாலரைத் தாண்டிற்று. 1826 பிப்ரவரியில், நிலத்தைப் பரிசுச்சீட்டு நடத்தி விற்க அனுமதி வேண்டியிருக்கும் தம் அவல நிலையை நண்பர் மாடிசனுக்கு எழுதினார். அவ்வாண்டு ஜூலை 4இல் மாண்டார். அவர் வாழ்ந்த இடத்தின் பெயர் மான்டிசெல்லோ. சிறு மலை என்று பொருள். அந்த மலையிலே உழைத்த அடிமைகள் 130 பேரை 1827 ஜனவரியில் ஏலத்தில் நிறுத்தினார்கள். ஆண்டையின் கடனுக்கு உழைத்தவர் விலை போனார்! வ. உ. சி. யின் கதையோ நேர்மாறு. அவருடைய வறுமையை உழைத்தவர் தாமாக முன்வந்து பகிர்ந்துகொண்டனர். இரு கடிதங்களிலும் இருப்பது பணமுடைதான் என்றாலும், நான் அவற்றை ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்கு என்ன பெயர்? "பேர்" என்றே பெயர்! கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். பேரும் கூலியும் ஒன்றாகிப் போன மக்கள் நாம். அப்படிப்பட்ட நாம், செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்று வாழ்கிறோம். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். நாமும் கைந்நாட்டு வைத்து வந்துவிட்டோம். ஒரு தாளின் குறைக்காக 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமையையே இழந்து நின்ற சமூகத்திற்கு, எழுத்துப் பிழை சிறு பிழையா?

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு 8 உழைப்பவர் கொடுப்பது. நூற்றுக்கு 12 வேலை கொடுப்பவர் சேர்ப்பது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையிலிருந்து ஓய்ந்து எடுக்கலாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 ஆண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை உண்டு. வேலை முடிந்த 30 நாட்களுக்குள் அது கைக்கு வர வேண்டும். தாமதித்தால் மேல்வரி கட்ட வேண்டியவர் வேலை கொடுத்தவரே. முப்பதாண்டு, நாற்பதாண்டு கூடை சுமந்த தாய்மார், எழுத்து ஒன்று மாறிய குற்றத்துக்காக அலுவலகப் படிக்கட்டு ஏறி இறங்குவதை இங்குள்ளோர் அனைவரும் கண்டிருக்கிறீர்கள். கேட்டால், "நமக்கெதற்கு வம்பு, கொடுக்கும்போது கொடுக்கட்டும்" என்கிறார்கள். ஏன் இந்தக் கூச்சம்? சிதம்பரனாருக்கில்லாத கூச்சம் நமக்கேன்?

பணத்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். கோயில் நிதியானாலும், மரண உதவிச் சங்கமானாலும், தொழிற்சங்கச் சந்தாவானாலும், கொடுத்தவர் பெயரையும் தொகையையும் நாளையும் எழுதாமல் வாங்காதீர்கள். காந்தியாரின் கைக்கே வந்த தொல்லை நம் பொருளாளருக்கு வராதா?

கடைசிக் காலத்திலும் வ. உ. சி. யின் கணக்கு தீரவில்லை. நீதிபதி வாலேசு சன்னதைத் திரும்பப் பெற உதவினார். அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடினார், செல்வம் சேரவில்லை. 1936 நவம்பர் 18இல் கண் மூடுவதற்கு முன் எழுதிய உயிலிலே, ஜவுளிக் கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு என்று தாம் கொடுக்க வேண்டியதை வரிவரியாய்க் குறித்து வைத்தார். தமக்கு வர வேண்டியதைக் கேட்ட அதே கைதான் இதையும் எழுதிற்று.

இக்கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் நால்வர் பின்வரிசை மேசையில் இருப்பார்கள். சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம், அடையாள அட்டை, பிறப்புச் சான்று, பழைய சம்பளத் துண்டு, எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டு செல்லுங்கள். பெயர் மாறியிருந்தால் அதற்கான சத்தியக் கடதாசிக்கு வேண்டிய விவரங்களைக் குறித்துக்கொள்வார்கள். தொழில் திணைக்களத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை இன்றிரவே எழுதலாம். மழை வலுப்பதற்குள் ரொசல்லைப் பக்கம் போகிறவர்கள் முதலில் போகட்டும். அவர்களுக்கு வரிசையில் இடம் விடுங்கள்.