மின்சார வைத்தியம்

(மஞ்சூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



உங்கள் குந்தா மலைத் தண்ணீரைத் தேக்கி, குழாய் வழியே கீழிறக்கி, கனடா தேசத்து உதவியுடன் 1960 முதற்கொண்டு மின்சாரம் எடுத்து வருகின்றார்கள். அது விளக்கெரிப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் உடம்புக்குள்ளும் மின்சாரம் ஓடுகின்றதென்றால் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் காலைத் தூக்கு என்று மூளை இடும் கட்டளை நரம்பு வழியே மின்துடிப்பாகத்தான் போகின்றது. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் உதறிக்கொண்டதைப் பற்றி இத்தாலியில் கால்வானி என்பவர் 1791-ல் எழுதி வெளியிட்டார். அந்தத் தவளைக்குள் எந்த ஆவி புகுந்ததாம்?

பக்கவாதத்தைப் பாருங்கள். மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ ஒரு பக்கம் விழுந்துவிடுகின்றது. நம் ஜனங்களோ முனி அடித்ததென்று கோழி அறுக்கின்றார்கள். (கோழிக்கும் முனிக்கும் என்ன பாக்கியோ!) கெட்டது மூளையில், காலின் நரம்பு நன்றாகவே இருக்கின்றது. கட்டளை வராததால்தான் பாதம் தொங்கி இழுபடுகின்றது. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் தடவினால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு போகின்றது. அங்கே தோலின்மேல் பட்டை ஒட்டி, சிறு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்தால் பாதம் மேலே எழும்புகின்றது. 1961-ல் அமெரிக்காவில் லிபர்சன் என்னும் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் செருப்பின் குதிகாலில் சுவிட்சு வைத்து, குதிகால் தரையைவிட்டு எழும்போதெல்லாம் பாதம் நிமிரும்படி செய்து காட்டினார்கள். நடைப் பயிற்சியோடு சேர்த்து இதைக் கொடுக்கின்றார்கள்.

அதற்காக யந்திரத்தையும் சாமியாக்கிவிடாதீர்கள். திடீரென்று வாய் கோணிக்கொள்ளும் முகவாதம் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சரியாகின்றது. அதற்குள் தாயத்துக் கட்டினவன் பேர் வாங்கிக்கொள்கின்றான். கரண்டு வைத்தவனும் வாங்கிக்கொள்கின்றான்! இருவரையும் ஒரே கேள்விதான் கேட்கவேண்டும்: ஒன்றும் செய்யாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சந்தையில் பெல்ட்டு விற்று, சகல வியாதியும் தீருமென்பவனையும் இதையே கேளுங்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பட்டைகளை ஒட்டிக்கொள்ளவே கூடாது. வீட்டுக் கரண்டில் யாரும் சோதித்துப் பார்த்துவிடாதீர்கள். அது ஆளைக் கொன்றுவிடும்.

செத்துப்போன மூளைப் பாகத்தை எந்த மின்சாரமும் எழுப்பாது. அடைப்பினால் வந்த வாதமானால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அடைப்பா வெடிப்பா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே கொடுப்பார்கள். வாய் கோணினாலும், ஒரு கை விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். முகவாதமா பக்கவாதமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மஞ்சூரிலிருந்து உதகைக்குப் போகிற வளைவுகளுக்கே எவ்வளவு நேரம் பிடிக்குமென்பது உங்களுக்குத் தெரியும். மிச்சத்தில் பூசாரி வீட்டுக்கு எத்தனை மணி ஒதுக்கலாமென்று நீங்களே கணக்குப் போடுங்கள்.