மலைமேல் கிடைத்த வேகம்
(சேவூர் கூட்டத்தில் பேசியது)



நெசவூருக்கு வந்து தறியைப் பற்றிப் பேசாமல் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஒருவன் இவ்வளவு வினாடியில் ஓடினான் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பி விடுவதா, பொய் என்று தள்ளி விடுவதா, அல்லது நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பதா என்பதுதான் இன்றைய விஷயம். இது ஓட்டக்காரருக்கு மாத்திரம் சேர்ந்ததல்ல. நம் பக்கத்துப் பிள்ளைகள் ஓடிப் பெற்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டுப் பங்கீட்டில் உத்தியோகம் கேட்கப் போகிறார்கள். அங்கே ஒரு வினாடியை நூறு கூறாக்கி, அதில் ஒரு கூறுக்கு ஒருவன் உள்ளே, மற்றொருவன் வெளியே. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது அந்த ஒரு கூறால்தான்.

நிற்க. 2022-ஆம் வருஷம் ஜூலை 3-ந் தேதி இலங்கையைச் சேர்ந்த யுபுன் அபேகோன் என்பவர் சுவிட்சர்லாந்தில் லா ஷோ-டெ-ஃபோன் என்ற ஊரில் நூறு மீட்டரை 9.96 வினாடியில் ஓடினார். தெற்கு ஆசியாவில் பிறந்த ஒருவர் பத்து வினாடிக்குள் ஓடியது அதுவே முதல் தடவை. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டு 3-ந் தேதி, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் அவரே 10.14-இல் ஓடி மூன்றாவதாக வந்தார். அந்தப் பந்தயத்தில் முதலாவதாக வந்த கென்யாவின் ஓமன்யாலா எடுத்துக்கொண்டது 10.02. இந்த ஓமன்யாலாவோ முந்தின வருஷம் நைரோபியில் 9.77-இல் ஓடியவர்! லா ஷோ-டெ-ஃபோன் கடல் மட்டத்துக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் மேலே இருப்பது. நைரோபி ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கும் மேல். பர்மிங்காம் தாழ்ந்த ஊர்.

இத்தகைய கணக்கைப் பார்த்தவுடன் இரண்டு வித ஜனங்கள் கிளம்புவார்கள். ஒரு சாரார், "எங்கள் ஆள் பறந்தே விட்டான், அதில் கேள்வி என்ன?" என்பார்கள். மற்றொரு சாரார், "மேலே ஓடியதைக் கீழே ஓடிக் காட்ட முடியவில்லையே, ஆகவே கடிகாரம் பொய், அளந்தவன் பொய், ஓடினவனும் பொய்" என்பார்கள். இரண்டு சாராரும் விஷயத்தைப் பார்க்கவில்லை. இருவருக்கும் யோசிக்கிற சிரமம் மிச்சம், அவ்வளவுதான்.

விஷயம் என்னவென்றால், ஓடுகிறவனைத் தடுக்கிற பொருள் ஒன்று அவன் எதிரில் எப்போதும் இருக்கிறது. அது காற்று. காற்றே அடிக்காத நாளிலும், ஆரணிச் சாலையில் சைக்கிளை வேகமாய் மிதித்தால் மார்பில் காற்று முட்டுகிறதல்லவா? பத்து வினாடியில் நூறு மீட்டர் ஓடுகிறவன் மணிக்கு 36 கிலோமீட்டர் போகிறான். நடுவில் அதற்கும் மேல். அவனுடைய பலத்தில் ஒரு பங்கு காற்றை விலக்குவதிலேயே செலவாகிறது. உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. ஆயிரம் மீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் தண்ணீர் நூறு டிகிரி ஆவதற்கு முன்னே கொதித்து விடுவதும், திறந்த பானையில் பருப்பு வேக நேரமாவதும் இதே காரணத்தால்தான். பருப்பு வேகாததற்கு அடுப்பின் மேல் குற்றம் சொல்வதில்லை. ஓட்டம் வேகமானதற்கு மாத்திரம் ஓடினவன் மேல் குற்றம் சொல்வானேன்?

"மேலே மூச்சு வாங்குமே, பின் எப்படி வேகமாய் ஓடுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நூறு மீட்டர்க்காரன் பத்து வினாடிக்குத் தசையில் சேமித்து வைத்திருக்கிற சக்தியைக் கொண்டே ஓடி விடுகிறான். அவன் வாங்குகிற மூச்சு, ஓட்டம் முடிந்த பிறகு வாங்குகிற மூச்சு. பத்து மைல் ஓடுகிறவனுக்கு அப்படியல்ல. அவனுக்குக் கணந்தோறும் பிராணவாயு வேண்டும். ஆகவே ஒரே மலை ஒருவனுக்கு வரவாகவும் மற்றொருவனுக்குச் செலவாகவும் ஆகிறது.

இதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது 1968-இல் மெக்ஸிகோ நகரில் நடந்த ஒலிம்பிக். அந்த நகரம் 2,240 மீட்டர் உயரம். ஏறத்தாழ நம் ஊட்டியேதான். அங்கே ஆண்களுக்கான 100, 200, 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், இரண்டு தொடரோட்டம், நீளத் தாண்டல், மும்முறைத் தாண்டல் அத்தனையிலும் உலக சாதனை முறிந்தது. ஜிம் ஹைன்ஸ் 9.95. லீ எவன்ஸ் 400 மீட்டரை 43.86. அதே ஊரில், அதே நாட்களில், பத்தாயிரம் மீட்டரில் வென்ற கென்யாவின் நப்தாலி தெமு எடுத்துக்கொண்டது 29 நிமிஷம் 27.4 வினாடி. அப்போதைய உலக சாதனை 27 நிமிஷம் 39.4. அந்தச் சாதனைக்கு உடையவரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். வேகமானதெல்லாம் கடிகாரத்தின் கள்ளத்தனம் என்றால், அதே கடிகாரம் நீண்ட ஓட்டக்காரரிடம் மாத்திரம் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் செய்தது?

மலை கொடுத்தது எவ்வளவு? அதற்கும் கணக்கு இருக்கிறது. பத்து வினாடிக்காரனுக்கு மெக்ஸிகோ உயரம் ஏறக்குறைய 0.07 வினாடி மிச்சம் கொடுக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரம் 0.03, 0.04 கொடுக்கலாம். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முதுகில் காற்று அடித்தால் 0.10 கிடைக்கிறது. அதற்கு மேல் காற்று இருந்தால் சாதனையாக ஏற்பதில்லை என்று விதி உண்டு. ஆனால் உயரத்துக்கு அப்படி வரம்பு எதுவும் கிடையாது. ஆயிரம் மீட்டருக்கு மேலே ஓடியதானால் பட்டியலில் பக்கத்தில் 'ஏ' என்று ஓர் எழுத்துப் போடுகிறார்கள். மற்றபடி எல்லாம் ஒன்றே. காற்றைக் கழிக்கிறவர்கள் மலையைக் கழிக்காமல் விடுவது நமக்கு விசித்திரமாகவே படுகிறது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகப் போக நூறு மீட்டரில் 10.00 வேண்டும் என்று வைத்தார்கள். கடற்கரையில் 10.03 ஓடுகிறவன் காத்துக் கிடக்க, மலைக்கு ரயில் சார்ஜ் கொடுக்க வசதியுள்ளவன் அங்கே போய் 10.00 ஓடி உள்ளே நுழையலாம். ஓடினவன் கள்ளனல்ல, விதியில் ஓட்டை இருக்கிறது.

அபேகோனுடைய 9.96-இல் மலையின் பங்கைக் கழித்தாலும் பத்து வினாடிக்கு ஒட்டித்தான் நிற்கிறது. பர்மிங்காமில் வந்த 10.14-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் மலைமேல் ஏற்றி விட முடியாது. அன்றன்றைய காற்று, குளிர், ஓடினவன் உடல்நிலை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒரே தறியில் ஒரே கை நெய்தாலும் இரண்டு சேலை ஒன்றுபோல் இராது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் மலைமேல் ஓடிய எதையும் சந்தேகிக்கவே கூடாதா? கூடாதென்று நாம் சொல்லவில்லை. சந்தேகத்தை ஓடுகிறவன் காலில் வைக்காமல் அளக்கிற கருவியில் வையுங்கள் என்கிறோம். மெக்ஸிகோவிலேயே பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியபோது காற்றுமானி சரியாக 2.0 என்று காட்டியது. மும்முறைத் தாண்டலில் சனேயெவும் புருடென்சியோவும் சாதனையை முறித்தபோதும் சரியாக 2.0. வரம்பைத் தொட்டுக்கொண்டு, வரம்பைத் தாண்டாமல், இத்தனை தடவை காற்று நின்றது என்பதைக் கேட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்காதவன் அதிகம் யோசிக்கிறவனாக இருக்க முடியாது. பொய் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. கேள்வி நிற்கிறது என்று மாத்திரம் சொல்கிறோம்.

அதைவிடப் பச்சையான சங்கதி 1995 ஜூலையில் இத்தாலியில் செஸ்ட்ரியேர் என்ற மலையூரில் நடந்தது. சுமார் 2,035 மீட்டர் உயரம். அங்கே உலக சாதனை செய்கிறவருக்கு ஃபெராரி மோட்டார் கார் பரிசு. கியூபாவின் இவான் பெட்ரோசோ 8.96 மீட்டர் தாண்டினார். பழைய சாதனையைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம். காற்றுமானி 1.2 என்றது. ஆனால் அன்று மற்றத் தாண்டல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காற்று வரம்புக்கு மேல். பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தால், காற்றுமானிக்கு முன்னால் ஓர் ஆள் காற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறான்! இத்தாலிய சங்கம் அதைச் சாதனையாக அனுப்பவேயில்லை. தாண்டினவர் மேல் குற்றமில்லை. அவர் உழைப்பும் சேர்ந்து வீணாயிற்று. மறைத்து நின்றவனால் நஷ்டமடைந்தவர்களில் முதல் ஆள் அவரே.

இதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துப் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில், ஓட்டம் ஆரம்பிக்கும் இடத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. முடியும் கோட்டில் கடிகாரத்தோடு நிற்கிறவர் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும். சத்தத்தைக் கேட்டு அழுத்தினாரானால், சத்தம் நூறு மீட்டர் வந்து சேரவே ஏறக்குறைய 0.29 வினாடி ஆகி விடுகிறது. அதாவது மெக்ஸிகோ மலை கொடுத்ததைப்போல் நாலு மடங்கு, சேவூர்ச் சமவெளியிலேயே, ரயில் சார்ஜ் இல்லாமல்! அந்த நேரத்தை எழுதிக்கொடுத்த சான்றிதழோடு பையன் பட்டணத்துக்குப் போகிறான். அங்கே மின்சாரக் கடிகாரம் உண்மையைக் காட்டுகிறது. உடனே, "ஊரில் பொய் எழுதி வாங்கி வந்தாயா?" என்று பையனை ஏசுகிறார்கள். சத்தத்துக்கு அழுத்தின கனவான் ஊரில் மாலையோடு வீற்றிருக்கிறார்.

நெசவாளிக்கு இந்த ஏச்சு புதிதல்ல. பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அதனால்தான் பட்டு வியாபாரத்தில், உலர்ந்த எடை நூறானால் ஈரத்துக்குப் பதினொன்று சேர்த்துக் கணக்கிடுவது உலக வழக்கம். ஐப்பசி மழையில் நிறுத்துக் கொடுத்த நூல், பங்குனி வெயிலில் சேலையாகத் திரும்பித் தராசில் ஏறும்போது எடை குறைந்தால், எடுத்தது வெயில். ஆனால் "எங்கே போயிற்று?" என்ற கேள்வி வெயிலைப் பார்த்துக் கேட்கப்படுவதில்லை, குழித்தறியிலிருந்து எழுந்து வந்தவனைப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. தராசைப் பிடித்தவன் தன் தராசையும் அன்றைய ஈரத்தையும் சந்தேகிக்க வேண்டும் என்று இவன் சொன்னால், அது அகம்பாவம் என்று பெயர் பெறுகிறது.

மலையின் உதவியை மிகைப்படுத்தவும் வேண்டாம். 1968-இலும் 1983-இலும் நூறு மீட்டர் சாதனை உயரமான ஊர்களில் பிறந்தது உண்மையே. ஆனால் போல்ட் 2009-இல் 9.58 ஓடிய பெர்லின் தாழ்ந்த ஊர். பீமனுடைய 8.90-ஐ 1991-இல் மைக் பவல் முறித்தது டோக்கியோவில், கடல் பக்கத்தில். நம் தேசத்திலும் 2025 மார்ச்சில் குரிந்தர்வீர் சிங் பெங்களூரில் 10.20 ஓடி இந்திய சாதனை செய்தார். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல், ஆனால் ஆயிரத்துக்குக் கீழ், ஆகவே 'ஏ' எழுத்துக்கூட இல்லை. அதே ஜூலையில் அனிமேஷ் குஜூர் கிரீஸ் தேசத்தில் கடலோரத்து வாரியில் 10.18 ஓடி அதை முறித்தார். பத்திரிகைகளில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "வித்தியாசம் 0.02" என்று முடித்து விடுவார்கள். எந்த ஊர், எவ்வளவு உயரம், காற்று எவ்வளவு, அழுத்தியது கையா மின்சாரமா என்ற நாலு விவரத்தையும் போட ஒரு வரிக்கு மேல் இடம் வேண்டியதில்லை. அடுத்த விழாவில் உங்கள் பிள்ளைக்குச் சான்றிதழ் எழுதும்போது அந்த ஒரு வரியை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கடிகாரக்காரரைப் புகையைப் பார்க்கும்படியும் சொல்லுங்கள்.