பயிற்சி யார் செலவு?

முதல் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளோடு இன்றைக்குக் கொஞ்சம் பேச வேண்டும். வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் இன்ஃபோமெட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் படித்து முடித்தவர்களுக்கும், கொட்டாஞ்சேனையில் கடையில் நின்றுகொண்டே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. வெளிவாரிப் பட்டத்தை எழுதி முடித்தவர்களுக்கும் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பயிற்சி என்பது கம்பனி போட வேண்டிய முதல். அதை உங்கள் தலையில் கடனாக ஏற்ற விடாதீர்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. லண்டன் பங்குச் சந்தை 2007 ஜூனில் டிரேட்எலெக்ட் என்ற வர்த்தக மென்பொருளைக் கொண்டுவந்தது. கட்டிக்கொடுத்தது அக்சென்ச்சர் என்ற பெரிய ஆலோசனை நிறுவனம். 2008 செப்டெம்பர் 8, திங்கட்கிழமை. இரண்டு பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்களை அமெரிக்க அரசு பொறுப்பேற்ற செய்தியில் உலகச் சந்தைகள் பரபரத்துக்கொண்டிருந்த நாள். அன்று பார்த்து லண்டனில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் வியாபாரம் நின்றுபோனது. அடுத்த வருடம் அந்தச் சந்தை மாலபேயில் இருந்த மிலேனியம் ஐ.ரி. கம்பனியை 3 கோடி டொலருக்கு முழுதாக வாங்கிக்கொண்டது. 1996இல் தொடங்கிய இலங்கை மென்பொருள் கம்பனி அது. மென்பொருளோடு சேர்த்து அதை எழுதுகிறவர்களையும் லண்டன் தன் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டது. 2011 பெப்ரவரியில் லண்டன் பங்கு வியாபாரம் நம் பொறியியலாளர்களின் மென்பொருளுக்கு மாறியது. அதே மாதம் அதிலும் ஒரு தடங்கல் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தடங்கல் வராத மென்பொருள் எங்கேயும் இல்லை. வந்தால் திருத்தத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அந்த அறிவுக்குத்தான் லண்டன் காசு கொடுத்தது.

அதனால் இன்டர்வியூவில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "நான் எழுதுவதை யார் பார்த்துத் திருத்துவார்கள்? அவருக்கு இங்கே எத்தனை வருட அனுபவம்?" ஒரு பெயரைச் சொன்னால் நல்ல இடம். "இன்டர்நெட்டில் எல்லாம் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளலாம்" என்றால் அங்கே உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. முதல் இரண்டு வருடத்தில் பத்தாயிரம் ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை, சொல்லித்தர ஆள் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

இன்னொன்று. தமிழில் ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு ஆங்கிலத்தில் இன்டர்வியூவுக்குப் போகிறபோது தடுமாறுவது இயல்பு. அதற்காக வெட்கப்பட வேண்டாம். நீங்கள் செய்த புரொஜெக்ட் ஒன்றை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சத்தமாக விளக்கிப் பழகுங்கள், வீட்டில் தங்கச்சியை உட்கார வைத்தாவது. தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, எப்படித் தேடிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

இனிக் கடதாசி விஷயம். இதைப் பெற்றோரும் கவனமாகக் கேட்க வேண்டும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் "சைன் பண்ணு பிள்ளை" என்று அவசரப்படுத்துவது பல நேரம் வீட்டார்தான். உங்கள் கையில் தருவது நியமனக் கடிதமா, கொன்சல்டன்ட் ஒப்பந்தமா என்று முதலில் பாருங்கள். ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் போகும், முதலாளி தன் பக்கத்தால் 12 வீதம் போடுவார். நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம் போடுவதும் அவர்தான். ஒரு இலட்சம் ரூபாய் சம்பளம் என்றால் முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 15,000 ரூபாய். தகுதிகாண் காலம் என்று சொல்லி முதல் ஆறு மாதத்துக்கு இதைத் தவிர்க்க முடியாது, முதல் நாளிலிருந்தே உரித்து. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் நின்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு.

கொன்சல்டன்ட் என்று எழுதிவிட்டால் இவ்வளவும் இல்லை என்றுதான் சொல்வார்கள். பத்து வருட அனுபவத்தோடு நாலு வாடிக்கையாளருக்குத் தன் விலையில், தன் நேரத்தில் வேலை செய்கிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தும். காலை ஒன்பதுக்கு வந்து, அவர்களுடைய மடிக்கணினியில், அவர்கள் சொல்கிற வேலையைச் செய்து, லீவுக்கும் அனுமதி கேட்கிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எப்படிக் கொன்சல்டன்ட் ஆகும்? கடதாசியில் என்ன பெயர் இருந்தாலும் வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கும். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. முறைப்பாடு செய்யப் பயப்பட வேண்டாம்.

பிறகு பொண்ட். இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். எந்தப் பயிற்சி, யார் தருவது, எவ்வளவு செலவு என்று எழுத்தில் கேளுங்கள். கம்பனி வெளிநாட்டுச் சான்றிதழ்ப் பரீட்சை ஒன்றுக்குக் காசு கட்டினால், கொஞ்சக் காலம் நில் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் அந்தத் தொகை மாதா மாதம் குறைந்துகொண்டே வர வேண்டும். பக்கத்து மேசைக்காரர் வேலை காட்டிக்கொடுத்ததற்கு இலட்சக்கணக்கில் விலை போட்டிருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். மூலச் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் ஒப்படைக்க வேண்டாம், பிரதி போதும்.

கம்பனி நடத்துகிற நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளி ஆலோசகரைக் கூப்பிடுங்கள், தேவைதான். கூப்பிடும்போதே உங்கள் ஊழியர் இரண்டு பேர் அவரோடு கடைசி வரைக்கும் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர் போவதற்கு முன்பு, அந்த இரண்டு பேரும் அவருடைய உதவியில்லாமல் ஒரு பிழையைத் திருத்திக் காட்டட்டும். கடைசித் தவணைக் காசை அதற்குப் பிறகு கொடுங்கள்.