வாழையைச் சாய்க்கும் கோடைக்காற்று



சித்திரை, வைகாசியில் சாயங்காலம் கால் மணி நேரம் காற்று அடிக்கிறது. குலை தள்ளிய வாழை வரிசை வரிசையாகச் சாய்ந்துவிடுகிறது. 'சூறாவளி அடிச்சிட்டுதுங்க' என்கிறீர்கள். அது சூறாவளிதானா?

கடலில் உருவாகும் புயல் வேறு. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். வானிலை நிலையம் முன்கூட்டியே சொல்லிவிடும். மேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி இறங்கித் தரையைத் தொட்டுச் சுழல்கிற சுழற்காற்றும் வேறு. 1989 ஏப்ரல் 26-ல் வங்கதேசத்தில் அப்படியொன்று சுமார் 1,300 பேரைப் பலி கொண்டது. நம் பக்கம் அது அபூர்வம்.

நம் வாழையைப் பெரும்பாலும் சாய்ப்பது மேலேயிருந்து விழுகிற காற்று. காலை முதல் நிலம் காய்கிறது. சூடான ஈரக்காற்று மேலே ஏறி, பிற்பகலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகமாகக் குவிகிறது. அதற்குள் மழைத்துளியும் பனிக்கட்டியும் கனத்து விழும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு வருகின்றன. வழியில் கொஞ்சம் மழை ஆவியாகிறது. ஆவியானால் குளிரும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது வேகமாக இறங்கித் தரையில் மோதி, களத்தில் கொட்டிய குடத்துத் தண்ணீர் போல நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு முன்னால் முகத்தில் சில்லென்று அடிக்கிறதே, அதுதான்.

சந்தேகமிருந்தால் விழுந்த மரங்களைப் பாருங்கள். ஒரே பக்கமாகவோ, விசிறி விரித்தாற்போலவோ கிடந்தால் இறங்கின காற்று. தாறுமாறாக முறுக்கிப் போட்டிருந்தால் சுழற்காற்று.

இடிமழை வரலாம் என்று மாவட்டத்துக்குச் சொல்லலாம்; எந்த வயலில், எந்த நிமிஷம் என்று சொல்ல முடியாது. ஆகவே மேகம் கறுத்த பிறகு கம்பு தேடிப் புண்ணியமில்லை. பூ வெளியே வந்ததுமே முட்டுக் கொடுங்கள். இரண்டு சவுக்குக் கம்பையோ மூங்கிலையோ கத்தரி போலக் கட்டி, குலை சாயும் பக்கமாக மரத்தின் கழுத்தில் தாங்க வையுங்கள். உராயும் இடத்தில் சருகு வைக்கவும். அடியில் மண் அணைப்பதும் முக்கியம். 'கம்புக்கு வேற செலவா?' என்பார்கள் சிலர். வருஷம் முழுக்கத் தண்ணீர் கட்டி, உரம் போட்டு, அறுக்கிற நேரத்தில் தோட்டத்தைப் படுக்க விடுவதற்கு அது மலிவு. காற்று வழக்கமாக வருகிற பக்கத்து வரப்பில் அகத்தியை நெருக்கமாக வளர்த்தால் வேகம் மட்டுப்படும்.

காற்று வந்துவிட்டால் கம்பைச் சரிபார்க்க உள்ளே ஓட வேண்டாம். தென்னை, பனை அடியிலும் ஒதுங்காதீர்கள். அதே மேகத்தில்தான் இடியும் இருக்கிறது.