கணவாய்க்கு அந்தப் பக்கம் தூக்கு இல்லை

1944-க்குப் பிறகு சில ஆண்டுகள், நாகர்கோவிலில் கொலை செய்தவருக்குத் தூக்கு கிடையாது. அதே கொலையை ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டிப் பணகுடியில் செய்திருந்தால் தூக்கு உண்டு. கணவாய்க்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம், இந்தப் பக்கம் சென்னை மாகாணம். இன்றைக்கு இரண்டு ஊரும் தமிழ்நாட்டில்தான்.

மரண தண்டனை வேண்டுமா என்று எங்கே பேச்சு எழுந்தாலும், "அதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி சார், நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று ஒருவர் சொல்வார். நீங்களே சொல்லியிருக்கலாம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் சொந்தத் தாலுகாக்களில் தூக்கு இல்லாமல் ஆட்சி நடந்திருக்கிறது. அதை நான் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துகிறேன். சித்திரைத் திருநாள் மன்னர், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். சி.பி. நம் சென்னை உயர் நீதிமன்றத்து வக்கீல். நான் இருக்கும் கோட்டூர்புரத்திலிருந்து பாலம் தாண்டிப் போனால், எல்டாம்ஸ் சாலையில் அவருடைய 'தி குரோவ்' இல்லம் அதிக தூரமில்லை. அவர் இளகிய மனசுக்காரர் என்று சொல்ல மாட்டேன். 1946-இல் புன்னப்புரா-வயலாரில் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது அவர் காலத்தில்தான். அப்பேர்ப்பட்ட கண்டிப்பான நிர்வாகமே, கொலைக்குத் தூக்கு தேவையில்லை என்று முடிவெடுத்தது.

என்ன ஆயிற்று? இரண்டு எண்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கு இல்லாத 1945-50 காலத்தில் திருவிதாங்கூரில் நடந்த கொலைகள் 962. பிறகு இந்தியச் சட்டம் அங்கேயும் பரவித் தூக்கு திரும்பி வந்த 1950-55 காலத்தில் 967. தூக்குக்குப் பயந்து யாரும் கத்தியைக் கீழே போட்டதாகத் தெரியவில்லை. உச்ச நீதிமன்றத்தின் பச்சன் சிங் வழக்கில், பெரும்பான்மை நீதிபதிகள் 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்குத் தூக்கு இருக்கலாம் என்றபோது, தனித்து நின்று மறுப்புத் தீர்ப்பு எழுதினாரே நீதிபதி பகவதி, அவர் இந்தக் கணக்கையும் எடுத்துக் காட்டினார்.

இலங்கையும் 1956-இல் தூக்கை நிறுத்தி வைத்தது. ஆராய்ந்த குழு, நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கட்டும் என்றது. 1959-இல் பிரதமர் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டதும், பதைப்பில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆனாலும் 1976-க்குப் பிறகு அங்கே யாரையும் தூக்கிலிடவில்லை.

நேரம் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் திருவிதாங்கூரை விட்டு உடனே வர எனக்கு மனசில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமஸ்தானத்தின் தூக்கிலிடுபவராக இருந்தவர் ஜனார்த்தனன் பிள்ளை. நாகர்கோவில் பக்கத்துக்காரர். மன்னருக்காகவும், பிறகு இந்திய அரசுக்காகவும் 117 பேரைத் தூக்கிலிட்டவர். அவருடைய வாழ்க்கையைச் சசி வாரியர் ஆங்கிலத்தில் எழுத, இரா. முருகவேள் 'தூக்கிலிடுபவரின் குறிப்புகள்' என்று தமிழில் தந்திருக்கிறார். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'நிழல்குத்து' படத்தின் களமும் இதுதான். கிடைத்தால் இரண்டையும் விடாதீர்கள்.

அந்தப் படத்தில் ஒரு வழக்கம் வரும். தண்டனையை உறுதி செய்தவர் மன்னர். உயிரை எடுத்த பாவம் அவர் தலையில் விழக் கூடாது. அதனால் விடியற்காலையில் மன்னிப்பு ஓலையோடு ஓர் ஆள் சிறைக்குப் புறப்படுவார். அவர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். மன்னர் மன்னித்துவிட்டார், ஓலைதான் தாமதம். அப்படியானால் பாவம் யாருக்கு? கயிற்றைப் பிடித்தவருக்கு. அவர் குடிக்கிறார், கோயிலுக்குப் போகிறார், தூக்கம் வராமல் புரள்கிறார். இதைப் பழைய காலத்து மூடப் பழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள் நேயர்களே. 2013 பிப்ரவரி 9-ஆம் தேதி நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் திகார் சிறையில் அப்சல் குரு தூக்கிலிடப்பட்டார். அதைத் தெரிவித்துக் குடும்பத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிய கடிதம், எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் காஷ்மீரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் கிரிமினல் வக்கீல். செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு கொடுத்தால் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தாக வேண்டும். ஆர்.டி. கேஸ் என்போம். சட்ட உதவியில் அப்படிச் சில கட்டுகள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன. ஒரு கைதியின் அம்மா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, விடியும்போது கோட்டூர்புரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கையில் மஞ்சப்பையில் கருவாடு. சாட்சி என்ன சொன்னது, மேல்முறையீட்டில் என்ன எழுதினோம் என்றெல்லாம் கேட்க மாட்டார். "தேதி கீதி போட்டுட்டாங்களாய்யா?" என்று மட்டும் கேட்பார். இல்லைம்மா என்றால் ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அந்தத் தண்டனை ஆயுளாகக் குறைந்த அன்றைக்கு அவருக்குப் போன் செய்தேன். அப்போதும் அதே கேள்விதான். இனித் தேதியே கிடையாது என்று புரிய வைக்க வெகுநேரம் ஆயிற்று.

எங்கள் பக்கத்து மரப் பூங்காவில் காலை நடைக்கு வருகிற ஒருவர், சிறை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தூக்குக் கைதியின் கொட்டடிக்கு வெளியே இரவுக் காவல் பார்த்தவர். அந்தப் பையனுக்குத் தூக்கம் வராதாம். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, ஒரு படக்கதை சொல்லுங்கண்ணே" என்பானாம். இவர் தான் பார்த்த சிவாஜி படம், எம்.ஜி.ஆர். படம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டு, பார்க்காத படங்களுக்குத் தாமே கதை கட்ட ஆரம்பித்திருக்கிறார். "நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டது அவனுக்காக இல்ல சார், எனக்காக. என் டூட்டியில அது நடந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார். தண்டனை குறைந்து அவன் வேறு பிளாக்குக்குப் போனபோது, இவர் வடபழனியில் மொட்டை போட்டுக்கொண்டாராம்.

இந்த மனிதரை மனசில் வைத்துக்கொண்டுதான் 'எந்த முறையில் உயிரை எடுப்பது' என்கிற விவாதத்தை நான் பார்க்கிறேன். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தூக்கு அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1983-இல் தீனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பதில் விஷ ஊசி போடலாமே என்று 2017-இல் ஒரு பொதுநல மனு போனது. கைதியின் எடையைப் பார்த்துக் கயிற்றின் நீளத்தைக் கணக்கிட வேண்டும், முன்கூட்டியே மணல் மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும் என்று சிறைக் கையேடு சொல்கிறது. ஊசியானாலும், இந்தோனேசியாவில் 2015-இல் மயூரன் சுகுமாரன் என்கிற, மரண தண்டனைக் கைதியான ஓவியரைச் சுட்டார்களே, அப்படித் துப்பாக்கியானாலும், அந்தக் காரியத்தைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இரவு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எந்த முறைக்கு மாறினாலும் அவருடைய பாரம் குறையாது.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டது 1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கர். பிறகு 2011 செப்டம்பர் 9 என்று வேலூரில் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் தேதி குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்க இடமில்லை. கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே நானும் நின்றேன். எட்டு வாரத் தடை என்று செய்தி வெளியே வந்ததும் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தத் தடை கிடைக்காமல் போயிருந்தால்? பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, ஓய்வுக்குப் பிறகு 2013-இல் வாய் திறந்தார். குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அந்தப் பையன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். 2014-இல் தண்டனை குறைந்தது. 2022 மே 18 அன்று விடுதலை. 2011-இல் தூக்கு நடந்திருந்தால், அந்த அதிகாரியின் மனசாட்சி விழித்து யாருக்கு என்ன பயன்?

மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 2000 பிப்ரவரியில் தர்மபுரியில் பேருந்தோடு எரிக்கப்பட்ட மூன்று மாணவிகளை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. தூக்குத் தண்டனை பெற்ற மூவருக்கும் அது ஆயுளாகக் குறைந்து, 2018-இல் அவர்கள் வெளியேயும் வந்தபோது அந்தக் குடும்பங்கள் பட்ட வேதனை நியாயமானது. அதற்கு மருந்து, தண்டனைக் குறைப்புச் சலுகை இல்லாத நீண்ட சிறை. சிரத்தானந்தா வழக்கில் 2008-இலேயே உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்துவிட்டது. அது இருக்கும்போது கயிறு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், முடிக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். தூக்கு இல்லாத அந்த ஆண்டுகளில் உயிர் தப்பி, தண்டனை முடிந்து வீடு திரும்பியவர்களின் கதைகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறேன். குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், எத்தனை பக்கமானாலும் சரி, நிலையத்துக்கு எழுதிப் போடுங்கள்.