ஆமோஸ் கேட்ட நீதி

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியால் ஒரு சமுதாயம் நிமிர்ந்து நிற்பதைக் கொண்டாடும் இந்நாளில், ஏறத்தாழ 2,750 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் எபிரெயத் தீர்க்கதரிசியைப் பற்றிச் சிந்திப்போம். அவர் பெயர் ஆமோஸ். விவிலியத்தை மறைநூலாகப் போற்றுவோரும், பழைய வரலாற்றுச் சான்றாகப் படிப்போரும் நம்மிடையே உள்ளனர். இரு சாராரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை அவர் எழுப்பினார்: அடிமைத்தளையினின்று மீண்ட ஒரு மக்கள், தம் நடுவிலேயே அடிமைகளை உண்டாக்கலாமா?

காலமும் நாடும்

சாலொமோன் அரசனுக்குப் பின் எபிரெய நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இஸ்ரவேல், தலைநகர் சமாரியா. தெற்கே யூதா, தலைநகர் எருசலேம். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இஸ்ரவேலை இரண்டாம் யெரொபெயாம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்டான். பகை நாடாகிய தமஸ்குவின் வலிமையை அசீரியப் பேரரசு முறித்திருந்தது. பின்னர் அசீரியாவும் சிறிது காலம் தளர்ந்து கிடந்தது. அந்த இடைவெளியில் இஸ்ரவேலின் எல்லை விரிந்தது, வணிகம் பெருகியது, செல்வம் குவிந்தது.

அச்செல்வம் யாரிடம் சென்றது என்பதற்கு மண்ணே சான்று கூறுகிறது. 1910இல் சமாரியாவைத் தோண்டியபோது, சிற்றூர்களிலிருந்து தலைநகருக்கு வந்த பழைய திராட்சை இரசத்தையும் உயர்ந்த எண்ணெயையும் குறித்து வைத்த எழுத்துச் சில்லுகள் கிடைத்தன. 1930களில் அங்கேயே யானைத்தந்தச் சிற்பத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தந்தக் கட்டில்களையும், உயர்ந்த எண்ணெய் பூசிக் கொண்டோரின் மது விருந்துகளையும் ஆமோஸ் கண்டித்தது வெறுங்கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும். இஸ்ரவேலின் பழைய தலைநகராகிய தீர்சா எனக் கருதப்படும் மேட்டினை ரோலான் டி வோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஆய்ந்தார். பத்தாம் நூற்றாண்டில் வீடுகள் பெரும்பாலும் ஒரே அளவில் இருந்தன என்றும், எட்டாம் நூற்றாண்டிலோ செல்வர் மாளிகைகள் ஒருபுறமும் ஏழைகளின் நெருக்கமான குடில்கள் மறுபுறமுமாகப் பிரிந்தன என்றும் அவர் எழுதினார்.

பேசியவர் யார்?

ஆமோஸ் அரண்மனையைச் சேர்ந்தவர் அல்லர். குருமார் குலத்தவரும் அல்லர். எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தெக்கோவா அவர் ஊர். மந்தை மேய்ப்பதும், காட்டத்திக் காய்களைக் கீறிப் பழுக்க வைப்பதும் அவர் தொழில். காட்டத்தி எளியோரின் உணவு. தென்னாட்டுக்காரராகிய அவர் வடநாடு சென்று, அரசனின் திருத்தலமாகிய பெத்தேலிலேயே பேசினார். அங்கிருந்த குரு அமத்சியா, அவர் நாட்டுக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று அரசனுக்குச் செய்தி அனுப்பினான். சொந்த நாட்டுக்குப் போய்ப் பிழைத்துக் கொள்ளுமாறு அவரை விரட்டவும் செய்தான். தாம் தீர்க்கதரிசிகளின் வழிவந்தவர் அல்லர் என்பதை மறைக்காமலே ஆமோஸ் விடையிறுத்தார். உண்மையைச் சொல்லப் பிறப்புரிமைச் சீட்டு வேண்டியதில்லை என்பது அவர் வாழ்விலிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

அவர் சாட்டிய குற்றம்

அவர் முதலில் அண்டை நாடுகளின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று வரிசை சென்றது. பிறகு யூதாவைச் சொன்னார். இறுதியில், கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலரையே சுட்டினார். சிறு கடனுக்காக, ஒரு சோடிச் செருப்பின் விலைக்காக, ஏழையை விற்கிறீர்கள் என்றார். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று வணிகர் காத்திருந்தனர். திறந்தவுடன் மரக்காலைச் சிறிதாக்கினர், எடைக்கல்லைப் பெரிதாக்கினர், பதரைக் கோதுமையோடு விற்றனர். ஊர் வாசலே அன்று நீதிமன்றம். பெரியோர் அங்கு அமர்ந்துதான் வழக்குத் தீர்த்தனர். அங்கே கைக்கூலி வாங்கி ஏழையின் வழக்கைப் புரட்டினர்.

அடகாகப் பெற்ற ஆடைகளை விரித்துப் பலிபீடத்தருகே படுக்கின்றனர் என்பதும் அவர் குற்றச்சாட்டு. ஏழையின் மேலாடையே அவனுக்குப் போர்வை. ஆகவே அதனைப் பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும் என்பது அவர்களது சட்டம். அச்சட்டம் ஏட்டில் இருந்தது; நாட்டில் இல்லை. ஆமோஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிற்பட்ட எழுத்துச் சில்லு ஒன்று, கடற்கரைக் கோட்டை ஒன்றில் 1960இல் கிடைத்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு அனுப்பிய மனு அது. அளந்து கொடுத்த வேலையை முடித்த பின்னும் தன் ஆடையைப் பறித்துக்கொண்டனர் என்றும், உடன் அறுத்தவர்கள் தனக்குச் சாட்சி என்றும் அவன் முறையிடுகிறான். எழுத்தாகிவிட்டதால் அவன் குரல் இன்றும் நம் காதில் விழுகிறது.

வழிபாட்டில் அந்நாட்டில் குறைவில்லை. விழாவும் பலியும் பாட்டும் நிறைந்திருந்தன. அவற்றை இறைவன் வெறுக்கிறார் என்று கூறவும் ஆமோஸ் அஞ்சவில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடி மற்றக் காலமெல்லாம் வறண்டு கிடக்கும் ஓடைகள் நிறைந்த நாடு அது. என்றும் வற்றாத நீரோட்டமாக நீதி இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்ட காணிக்கை. 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசியபோது, இவ்வுவமையையே எடுத்தாண்டார்.

நமக்குரிய செய்தி

எகிப்தில் அடிமைகளாயிருந்தோம், இறைவன் மீட்டார் என்பது இஸ்ரவேலரின் பெருமை. அப்பெருமையையே ஆமோஸ் அவர்கள்மேல் கடமையாகச் சுமத்தினார். மீட்கப்பட்டவர்களுக்குச் சலுகை இல்லை. பொறுப்பே மிகுதி என்றார். கூஷ் நாட்டவரும் அவர்களும் இறைவனுக்கு ஒன்றே என்றார். பெலிஸ்தரையும் சீரியரையும் வேற்றிடங்களிலிருந்து கொண்டுவந்தவரும் அதே இறைவனே என்று கூறி, குலப்பெருமையின் வேரையே அறுத்தார். அவர்கள் கேட்கவில்லை. கி.மு. 722ஐ ஒட்டிச் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. 27,000 பேருக்கு மேல் சிறைப்படுத்திச் சென்றதாக அசீரிய மன்னன் சர்கோன் கல்வெட்டில் பொறித்துக்கொண்டான்.

இளைஞர்களே! நம்மை ஒடுக்குவோரைக் கண்டிக்க ஆமோஸைத் துணைக்கு அழைப்பது எளிது, அது நியாயமும்கூட. பக்தியோடு சாதியையும் சேர்த்துக் காப்போரை அவர் சொற்கள் இன்றும் சுடும். ஆயினும் அவர் தம்மைக் கேட்க வந்தோரையே இறுதியில் சுட்டினார் என்பதை மறவாதிருப்போம். நாம் கற்ற கல்வி நம்மை மேசைக்கு மறுபுறம் அமர்த்துகிறது. கூலிக் கணக்குத் தெரியாத தாய் ஒருத்தி மனுவோடு நம்முன் நிற்கும்போது, பத்திரத்தைப் படிக்க இயலாத முதியவர் ஒருவர் நம்மை நம்பிக் கைந்நாட்டு வைக்கும்போது, நாம் யார் பக்கம் நிற்கிறோம்? ஊர் வாசலில் நமக்கு இடம் கிடைக்கப் போராடுவோம். கிடைத்த இடத்தில் மரக்கால் குறையாமல் அளப்போம். இக்கழகம் நமக்குக் கற்பித்த எழுத்தை, எழுதத் தெரியாதவரின் மனுவுக்கு முதலில் அளிப்போம்.