பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்தில் பேசுகிற மாதிரியே பேசிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வழிகாட்டுதலும் மனநல ஆலோசனையும் எதற்கு என்று பேசச் சொன்னார்கள். கவுன்சலிங் என்றாலே நம்ம ஊரில் இரண்டுதான் தெரியும். ஒன்று, காலேஜ் சீட்டு வாங்கப் போவது. இன்னொன்று, மூளை சரியில்லாதவங்களுக்குப் பண்ணுவது. என் மகளை டீச்சர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாங்க என்றதும் என் மாமியார், "நம்ம பிள்ளைக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சண்டைக்கே வந்துட்டாங்க.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். ஒன்பதாவது படிக்கும்போது வாரத்துக்கு இரண்டு நாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும். மார்க்கும் இறங்கிப்போச்சு. அவங்க அம்மா ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்தாங்க, மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனாங்க. "படிப்பு ஏறலைன்னா மில்லுக்கு அனுப்பிடலாம்" என்று நம்ம குழுவிலேயே பேச்சு வந்தது.

அந்தப் பள்ளியில் இதற்கென்று தனி ஆள் கிடையாது. ஒரு டீச்சரே பாடமும் எடுத்து இதையும் பார்க்கிறார். அவர் அந்தப் பிள்ளையைத் திட்டவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. நாலைந்து நாள் மதியம் பக்கத்தில் உட்கார வைத்துச் சும்மா பேசிக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையே சொல்லிச்சு. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருத்தன் தினமும் பின்னாலேயே வந்து அசிங்கமாகப் பேசுகிறான். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அது சொன்ன பதில்: "சொன்னா படிப்ப நிறுத்திருவாங்க டீச்சர்."

அந்த அம்மா பாசமில்லாதவங்க இல்லை. ஆனால் பிள்ளை போட்ட கணக்கும் தப்பில்லையே. நம்ம வீடுகளில் வேறென்ன செய்வோம்? அவனை ஒரு வார்த்தை கேட்கமாட்டோம், பிள்ளையைத்தான் வீட்டுக்குள் உட்கார வைப்போம். சொன்னால் தனக்கே தண்டனை வரும் என்று பயப்படுகிற பிள்ளை, பயமில்லாமல் சொல்வதற்கு ஒரு இடம் வேண்டும். அதற்குத்தான் இந்த ஆலோசனை.

அதே சமயம், எல்லாவற்றையும் ரகசியமாகவே வைத்துக்கொள்ளவும் முடியாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கெட்ட எண்ணத்தோடு பின்தொடர்ந்தால் போக்சோ சட்டத்தில் குற்றம். டீச்சர் இதைப் பிள்ளைக்கு முதலில் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டார். 1098க்குப் போன் செய்து புகாரும் போச்சு. பிள்ளை இப்போது பதினொன்றாவது.

வழிகாட்டுதல் என்பது இன்னொரு பக்கம். நான் பத்தாவது பாஸ் பண்ணின வருஷம், பாலிடெக்னிக் என்று ஒன்று இருப்பதையே எனக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை இருப்பதை மட்டும் நாலு பேர் சொன்னாங்க! பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருஷம் டிப்ளமோ, அதை முடித்தால் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். ஃபெயிலானாலும் சில வாரத்திலேயே துணைத்தேர்வு எழுதலாம். 2022இலிருந்து 'நான் முதல்வன்' திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்கிறார்கள். 14417க்குப் போன் செய்தும் கேட்கலாம். பிள்ளைக்கு எது வரும், எதில் ஆசை என்று கேட்டுச் சொல்ல ஆள் இருந்தால், பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த குரூப்பையே நம்ம பிள்ளையும் எடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கணும் என்பது சட்டம். நம்மில் பலர் அதில் இருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்தில், பிள்ளைகள் தனியாகப் பேச ஒரு அறையும், வாரத்தில் அதற்கென்று ஒரு பீரியடும் கேட்டுத் தீர்மானம் எழுத வைப்போம். எங்கள் ஊராட்சியில் நான் கேட்கப்போகிறேன். உங்கள் ஊரில் யார் கேட்கிறீர்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பெயர் கொடுங்கள்.